சிவப்பு கேரட், கறுப்பு கேரட்: ஒரு குளிர்காலப் பயணம்

ஜனவரி 7, டெல்லி

காலை ஒன்பதரை மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. மச்சான் வீட்டு பால்கனியில் நின்றால் பனிமூட்டத்துக்குள்ளிருந்து தள்ளுவண்டிக்காரர் குரல் மட்டும் வருகிறது, "காஜர் லே லோ, மட்டர் லே லோ" (கேரட் வாங்கிக்கோ, பட்டாணி வாங்கிக்கோ) என்று. ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின், தலைக்கு மஃப்ளர் எல்லாம் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனேன். வண்டி முழுக்கச் சிவப்பு. ஊட்டி கேரட்டின் ஆரஞ்சு இல்லை, நல்ல அடர் சிவப்பு. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், நுனி போகப் போகக் குறுகி ஊசியாக முடிகிறது. தலையில் கொத்தமல்லியைப் போன்ற இலை. அந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு, கேரட், கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம் எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்.

கிலோ 30 ரூபாய், இரண்டு கிலோ எடுத்தால் 50. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் ஒன்றை எடுத்துப் பட்டென்று ஒடித்துக் காட்டினார். நடுத்தண்டு வரைக்கும் சிவப்பு. நடுவில் மஞ்சளாக வெளுத்திருந்தால் முற்றியது, வாங்காதீர்கள் என்றார். தன் வண்டியிலேயே அப்படிப்பட்ட நாலைந்தைத் தனியாக ஒதுக்கியும் வைத்திருந்தார். ஒடித்ததை என் கையிலேயே கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. அங்கேயே நின்று கடித்தேன். அப்படி ஒரு சாறு, அப்படி ஒரு இனிப்பு.

இந்தச் சிவப்பு நவம்பரில் வரும், மார்ச்சில் போய்விடும். இதையும் லக்னோ, அமிர்தசரஸ் பக்கம் கிடைக்கும் கறுப்பு கேரட்டையும் பார்க்கத்தான் பொங்கல் விடுமுறையோடு சேர்த்து இந்தப் பயணம். வருடம் முழுக்க ஆரஞ்சு மட்டுமே கிடைக்கும் ஊரிலிருந்து வருகிறேன். கேரட் என்றாலே ஆரஞ்சு என்று நாம் நினைக்கிறோம், ஆனால் இந்தக் கிழங்குக்கு வந்த நிறங்களில் மிகவும் பிந்தி வந்தவற்றில் ஒன்று அது என்று படித்ததிலிருந்து, பழைய நிறங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு தவிப்பு.

மத்தியானம் அக்கா (மச்சானின் மனைவி) அல்வா கிண்டினார். இரண்டு கிலோ கேரட்டைத் துருவ நானும் மச்சானும் உட்கார்ந்தோம், பெரிய வேலைதான். இரண்டு லிட்டர் கொழுப்பெடுக்காத பாலில் அந்தத் துருவல் வேக வேக, பால் வற்றி ரோஸ் நிறத்துக்கு வந்தது. பிறகு நெய் விட்டுக் கிளறும்போதுதான் பார்க்க வேண்டும். வாணலி ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் நெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, கடைசியில் செம்மஞ்சளாக மின்னுகிறது. கேரட்டைக் கழுவிய தண்ணீரில் ஒரு துளி நிறம் இறங்கவில்லை, நெய்யில் மட்டும் இறங்குகிறது. சிவப்புக்குக் காரணம் லைகோபீன், தக்காளியிலும் தர்பூசணியிலும் இருப்பது. ஆரஞ்சுக்குக் காரணம் பீட்டா கரோட்டின். 1831ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கரோட்டினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே கேரட்டிலிருந்துதான். இந்த இரண்டும் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும்.

"தம்பி, ஆரஞ்சுல பண்ணினா இந்த ருசி வராது. நார் நாரா நிக்கும்" என்றார் அக்கா. ஒரு கிண்ணம் சாப்பிட்டேன், மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 8, டெல்லி

இன்றும் சூரியன் வரவில்லை. லாஜ்பத் நகரில் ஆப்கானியர் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் ஒரு தெருவையே பிடித்திருக்கின்றன. வாசலில் ஆளுயரத்துக்கு நான் ரொட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், சூட்டில் ஆவி பறக்கிறது. கேரட்டின் பூர்வீகம் அந்தப் பக்கம் என்பதால் காபூலி புலாவ் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மச்சானை இழுத்துக்கொண்டு போனேன்.

தட்டு வந்தது. பழுப்பு நிற அரிசி, அதன் மேல் தீக்குச்சி பருமனில் நீளமாக நறுக்கி எண்ணெயிலும் சர்க்கரையிலும் வதக்கிய கேரட், கூடவே உப்பிய திராட்சை. கறித்துண்டு அரிசிக்கு அடியில் புதைந்திருக்கிறது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். காரமே கிடையாது. மச்சான் பச்சை மிளகாய் கேட்டார். பரிமாறியவர் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து, பக்கத்திலேயே சூப்பும் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவில்லை, பில்லிலும் இல்லை. ஒரு தட்டு 350 ரூபாய், இரண்டு பேர் சாப்பிட்டும் மிச்சம்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் ஊரில் கேரட் என்ன நிறம் என்று கேட்டேன். மஞ்சளும் உண்டு, ஊதாவும் உண்டு, இங்கே கிடைப்பதை வைத்துச் சமைக்கிறோம் என்றார் இந்தியில். மஞ்சளில் செய்தால் புலாவ் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லும்போது அவருடைய குரலே கொஞ்சம் இறங்கிவிட்டது.

அவர் சொன்ன அந்த மஞ்சளும் ஊதாவும்தான் பயிராக்கப்பட்ட கேரட்டின் முதல் நிறங்கள். காட்டுக் கேரட்டின் வேர் வெள்ளையாக, மெல்லியதாக, கட்டை போல இருக்கும், வாயில் வைக்க முடியாது. ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்துப் பக்கம் வரலாற்றுக்கு முந்தைய குடியிருப்புகளில் கேரட் விதை கிடைத்திருக்கிறது, ஆனால் விதையை மருந்துக்கும் வாசனைக்கும் பயன்படுத்தியிருப்பார்கள் என்றுதான் கருதுகிறார்கள். வேரைத் தின்பதற்காக வளர்த்தது இன்றைய ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியப் பகுதிகளில், பத்தாம் நூற்றாண்டு வாக்கில். ரஷ்யத் தாவர அறிஞர் வவிலோவ் 1924ல் ஆப்கானிஸ்தான் முழுக்கச் சுற்றி விதை சேகரித்தார். ஒரு பயிரில் எங்கே வகைகள் அதிகமோ அங்கேதான் அது பிறந்திருக்கும் என்பது அவர் கணக்கு. கேரட் விஷயத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது.

அங்கிருந்து அது இரண்டு பக்கமும் நடந்தது. மேற்கே அரபு நாடுகள் வழியாக ஸ்பெயினுக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு அல்-அவ்வாம் தன் வேளாண்மை நூலில் இரண்டு வகை கேரட்டைச் சொல்கிறார், சிவப்பாக இருப்பது சாறும் ருசியும் உள்ளது, பச்சையோடிய மஞ்சளாக இருப்பது முரடு என்று. கிழக்கே இந்தியா, சீனா, கடைசியாக ஜப்பான். நேற்று நான் வண்டியில் வாங்கியது அந்தக் கிழக்குப் பாதையில் வந்த கேரட்.

ஜனவரி 9, டெல்லி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆசாத்பூர் மண்டி. கோயம்பேடு பழக்கம் இருந்தும் இந்தப் பரப்பைப் பார்த்து மலைத்துப்போனேன். ஆறு டிகிரி குளிர், வாயைத் திறந்தால் புகை. தலையில் மூட்டையோடு ஓடுகிறவர்கள் "பாயி சாப், பாயி சாப்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள், நாம் சட்டென்று ஒதுங்கிவிட வேண்டும். அங்கங்கே பழைய மரப்பெட்டிகளை உடைத்து எரித்துக் குளிர்காய்கிறார்கள். நான் பக்கத்தில் போய் நின்றதும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார், இன்னொருவர் டீ வாங்கிக் கொடுத்தார். யார், எந்த ஊர் என்றுகூட அதற்கப்புறம்தான் கேட்டார்கள்.

சிவப்பு கேரட் மூட்டை மூட்டையாகக் கழுவி வந்து இறங்கியிருந்தது, மொத்த விலையில் கிலோ 12லிருந்து 15 வரை. இரண்டு கடை தள்ளி ஆரஞ்சு. அது 28 ரூபாய். விலாயதி காஜர், சீமைக் கேரட் என்கிறார்கள். ஓட்டல்காரர்களும் நூடுல்ஸ் கடைக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்களாம், ஒரே பருமன், ஒரே நீளம், வெட்டச் சுலபம், பல நாள் தாங்கும். சிவப்புக்குக் குளிர்காலம் மட்டுமே, ஆரஞ்சுக்கு வருடம் பூராவும் ஆள் உண்டு. அந்த வியாபாரி அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார். எனக்கு அது கவலையாக இருந்தது.

ஆரஞ்சு எப்படி வந்தது என்பதைப் பற்றி ஊரெல்லாம் ஒரு கதை சுற்றுகிறது. நெதர்லாந்தின் ஆரஞ்சு அரச வம்சத்தைச் சேர்ந்த வில்லியமைக் கௌரவிக்க டச்சு விவசாயிகள் ஆரஞ்சு நிறத்தில் கேரட்டை உருவாக்கினார்கள் என்று. கேட்க அழகான கதை, ஆனால் அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றும் கிடையாது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் நெதர்லாந்துப் பக்கம் ஆரஞ்சு கேரட் பரவியது என்பது மட்டும் உண்மை. 2023ல் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கேரட் வகைகளின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. வெள்ளையும் மஞ்சளும் கலந்ததில் ஆரஞ்சு தோன்றியிருக்கலாம், அந்த நிறம் வர மூன்று மரபணுக்கள் ஒடுங்கிய நிலையில் ஒன்றாக அமைய வேண்டும் என்கிறது. மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். அமைந்த செடியைக் கண்ணால் கண்டு, ருசி பார்த்து, விதை எடுத்து, மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்து விதைத்த பெயர் தெரியாத தோட்டக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அரசர் கதையைவிட எனக்கு இவர்கள் கதை பெரிதாகத் தெரிகிறது.

சாயங்காலம் பூசா பக்கம் போனோம். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முதலில் பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்தது. 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமானதும் டெல்லிக்கு மாற்றினார்கள், பெயரும் கூடவே வந்துவிட்டது. இங்கே உருவான கேரட் ரகங்கள் பூசா ருதிரா சிவப்பு, பூசா அசிதா கறுப்பு, பூசா குல்ஃபி வெளிர் மஞ்சள், பூசா மேகாலி ஆரஞ்சு. வளாகத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, நாங்கள் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் இத்தனை நிறங்களையும் காப்பாற்றி வைக்க அரசாங்கத்தில் ஒரு இடம் இருக்கிறது என்பதே நிம்மதி.

ஜனவரி 10, ரயில்

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய ரயில் மத்தியானம் ஒன்றேகாலுக்குத்தான் கிளம்பியது. பனிமூட்டம். பிளாட்பாரத்தில் ஏழு மணி நேரம். காத்திருக்கும் அறையில் இடமில்லை, பெஞ்சு எல்லாம் ஜில்லென்று இருந்தது. பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் 40 ரூபாய், தொன்னையில். அந்தக் குளிருக்கு அது அமிர்தமாக இறங்கியது.

ரயில் ஏறிய பிறகும் ஊர்ந்துதான் போனது. எதிரில் கான்பூர் போகும் ஒரு வயதான தம்பதி. அம்மா டப்பாவைத் திறந்து கேரட், முள்ளங்கி, மேலே கறுப்பு உப்பு தூவி எங்களுக்கு நீட்டினார். "சாப்பிடு மகனே, கண்ணுக்கு நல்லது. இந்தப் பனியில் டிரைவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்." பெட்டியே சிரித்தது.

கண்ணுக்கு நல்லதுதான், உடம்பு பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும். ஆனால் குறைபாடு இல்லாதவர் எவ்வளவு தின்றாலும் இருட்டில் கூடுதலாக ஒன்றும் தெரியாது. அந்த நம்பிக்கை உலகமெங்கும் வலுப்பட்டதில் இரண்டாம் உலகப் போருக்குப் பங்குண்டு. இரவில் ஜெர்மன் விமானங்களை வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் விமானிக்குப் பூனைக்கண் என்றே பட்டப்பெயர். நிறைய கேரட் சாப்பிடுவதால்தான் அவருக்கு இருட்டில் கண் தெரிகிறது என்று பத்திரிகைகள் எழுதின. விமானத்தில் ரேடார் இருந்ததை வெளியே சொல்லவில்லை. அதே நாட்களில் பல உணவுகளுக்கு ரேஷன் இருந்தது, கேரட் தாராளமாக விளைந்தது, அதைச் சாப்பிடும்படி உணவு அமைச்சகம் டாக்டர் கேரட் என்று ஒரு சித்திரப் பாத்திரத்தையே போஸ்டரில் போட்டது.

இதையெல்லாம் என் அரைகுறை இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் உன்னாவ் தாண்டிவிட்டது. அவர்கள் அதற்கு முன்பே கான்பூரில் இறங்கிவிட்டார்கள், மிச்சமிருந்த கேரட்டை டப்பாவின் மூடியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டு. மூடியைத் திருப்பிக் கொடுக்க ஓடினால் கையை ஆட்டி வேண்டாம் என்கிறார்.

ஜனவரி 11, லக்னோ

தங்கிய இடத்தில் வெந்நீர் வரவில்லை. கேட்டால் பத்து நிமிஷம் என்றார்கள், பத்து நிமிஷம் கழித்துக் கேட்டாலும் பத்து நிமிஷம். சரி என்று முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு சௌக் பகுதிக்கு நடந்தேன்.

கோல் தர்வாஜா அருகே காலையில் மக்கன் மலாய் விற்கிறார்கள். கடைந்த பாலின் நுரை, குங்குமப்பூ, பிஸ்தா. இரவுப் பனியில் வைத்து எடுப்பதால் குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். வாயில் வைத்ததும் ஒன்றுமில்லாமல் போகிறது. சின்ன தொன்னை 50 ரூபாய். கடைக்காரர் மேலே இன்னொரு கரண்டி வைத்து, "விருந்தாளி நீங்கள்" என்றார்.

அப்புறம் சந்துகளுக்குள் நுழைந்து காய்கறிக் கடையில் முதல்முறையாகக் கறுப்பு கேரட்டைப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் மண் ஒட்டிய வேர் போலத்தான் இருக்கிறது. கையில் எடுத்துத் துடைத்தால் நாவல்பழ நிறம். கிலோ 60 ரூபாய், சிவப்பைவிட இரண்டு மடங்கு. கடைக்காரப் பையன் வெட்டிக் காட்டினான். உள்ளே சிலதில் ஊதா விளிம்பும் நடுவில் வெளிறிய வெள்ளையும், சிலதில் முழுக்க ஊதா. வெட்டிய கத்தியில் ஊதாச் சாறு வழிகிறது. கடித்தேன். சிவப்பு அளவுக்கு இனிப்பு இல்லை, லேசான துவர்ப்பு, ஒரு மண் வாசனை, முடிவில் மிளகு மாதிரி சின்ன உறைப்பு.

விரலெல்லாம் ஊதா. பக்கத்துக் குழாயில் அந்தப் பையன் சோப்பு கொடுத்தான். சோப்பு பட்டதும் கையில் இருந்த ஊதா நீலமாகி, நுரையில் பச்சையோடியது. சலவை சோப்பு அது, காரத்தன்மை அதிகம். ஆந்தோசயனின் என்ற இந்த நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளில் பார்த்தது இங்கே உள்ளங்கையில். பையனுக்கும் அது புதுசாக இருந்திருக்கிறது, தன் கையிலும் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வந்து சோப்பு போட்டுப் பார்த்தான்.

மாலையில் அக்பரி கேட் பக்கம் கறுப்பு கேரட் அல்வா. பெரிய தட்டில் கறுப்பாக, நெய் மினுமினுப்போடு, மேலே கோவாவும் முந்திரியும். கிலோ 640 என்று எழுதியிருந்தது, கால் கிலோ வாங்கினேன். சிவப்பில் நெய் நிறம் மாறியது என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா, இதில் ஓரத்தில் கசியும் நெய் மஞ்சளாகவே நிற்கிறது. நிறமெல்லாம் பாலில் இறங்கிவிட்டது, ஏனென்றால் ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும், நெய்யில் கரையாது. இனிப்பு அளவாக, கொஞ்சம் கனமாக, கருகும் நிலைக்கு முன்னால் நிறுத்திய ஒரு ருசி. சிவப்பு அல்வா பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இது பெரியவர்களுக்கானது. கடையில் இருந்த முதியவர், முன்பு குளிர்காலத்தில் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இது இருக்கும், இப்போது துருவவும் கிளறவும் யாருக்கும் பொறுமையில்லை, கடைக்கு வருகிறார்கள் என்றார். பிறகு ஒரு கிளாஸ் காஷ்மீரி சாய், ரோஸ் நிறத்தில், 40 ரூபாய்.

ஜனவரி 13, அமிர்தசரஸ்

நேற்று முழுக்கவும் இன்று காலை வரையும் ரயில்தான், எழுத ஒன்றுமில்லை. போர்வை போதவில்லை என்பதைத் தவிர.

இங்கே இன்று லோஹ்ரி பண்டிகை. ஊரே மொட்டை மாடியில். காலையிலிருந்து பட்டம், பாட்டு, அறுந்து விழும் மாஞ்சா நூல். ரிக்‌ஷாவில் போகும்போது ஒரு நூல் என் கழுத்துக்கு நேரே வந்தது, ரிக்‌ஷா ஓட்டுநர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். அவர் விரலில் கீறல். நான் பதறினேன், அவர் வாயில் வைத்துச் சப்பிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். கூட எவ்வளவு கொடுத்தும் பேசியதற்கு மேல் பத்து ரூபாய்தான் வாங்கிக்கொண்டார்.

ஹால் பஜார் பக்கம் ஒரு அம்மா பெரிய பீங்கான் ஜாடியோடு காஞ்சி விற்கிறார். நம் கஞ்சி இல்லை இது, புளித்த பானம். கறுப்பு கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் போட்டு, அரைத்த கடுகு, மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, ஜாடி வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைக்க வேண்டும். வெயில் நன்றாக இருந்தால் நாலைந்து நாள், இப்போதைய பனிக்கு ஒரு வாரத்துக்கு மேல். தினமும் உலர்ந்த மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். புளிக்கப் புளிக்க ஊதா மாறி மாணிக்கச் சிவப்பாகிவிடுகிறது.

கிளாஸ் 20 ரூபாய். முதல் வாயில் புளிப்பு, அடுத்த நொடி கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, அடியில் ஊறிக் கிடந்த கேரட் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். அதை மென்றதும் உறைப்பு அடங்கிவிட்டது. இன்னொரு கிளாஸ் குடித்தேன். இரண்டு நாள் ரயில் சாப்பாட்டில் அடைத்துக் கிடந்த வயிறு லேசானது. துருக்கியில் அதானா பக்கம் கறுப்பு கேரட்டைப் புளிக்கவைத்து ஷல்கம் என்று ஒரு பானம் குடிக்கிறார்கள். இத்தனை தூரம் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்களில் ஒரே கிழங்கைக் கிட்டத்தட்ட ஒரே விதமாகப் புளிக்கவைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். தண்ணீரில் இறங்கும் நிறத்தை நீரிலும், நெய்யில் இறங்கும் நிறத்தை நெய்யிலும் போட வேண்டும் என்று இந்தச் சமையல்காரிகளுக்கு யாரும் வேதியியல் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரவு தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே தீ மூட்டி எள்ளு மிட்டாயும் வேர்க்கடலையும் தூவினார்கள். என்னையும் கூப்பிட்டு ஒரு கை நிறையக் கடலை கொடுத்தார்கள். அம்மா போனில், "நாளைக்குப் பொங்கலுக்கு நீ இல்லியேடா" என்றார். அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

ஜனவரி 14, அமிர்தசரஸுக்கு வெளியே

முதல்முறையாக வெயில்! பத்து மணிக்கு மூட்டம் கலைந்து, ஜனங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். டாக்சி பிடித்துச் சாலையோரம் போனபோது கிணற்று மோட்டார் பக்கத்தில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரும்புச் சட்டத்தில் பெரிய உருளை, அதில் மூட்டையைக் கொட்டிச் சுழற்றினால் தண்ணீரோடு மண் எல்லாம் கீழே கொட்டுகிறது. சேறாகப் போன கிழங்கு சிவப்பாக வெளியே வருகிறது. இரண்டாகப் பிரிந்தது, வளைந்தது எல்லாம் தனிக் குவியல், எருமைக்கு. மண்ணில் கல்லோ கட்டியோ இருந்தால் வேர் பிரிந்துவிடும் என்றார் விவசாயி, அதனால் பார் போட்டு நன்றாகப் பொடியாக்கித்தான் விதைக்கிறார்கள்.

விதை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வயலின் மூலைக்குக் கூட்டிப்போனார். பிடுங்கிய கிழங்கில் நல்ல நிறம், நேரான உருவம் உள்ளதைப் பொறுக்கி, கிழங்கின் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டு, தழையையும் குறைத்து, மேல்பகுதியை மறுபடி மண்ணில் நட்டிருந்தார். அதில் தண்டு எழுந்து வெள்ளைப் பூக்குடை விரியும், கோடையில் விதை. அந்தச் சின்னப் பாத்தியில் ஒரு வரிசை சிவப்பு. இன்னொரு வரிசை கறுப்பு தூரமாக வேறு வயலில் இருக்கிறதாம், ஒன்றாக நட்டால் தேனீ கலந்துவிடும். கறுப்பு வீட்டுக் காஞ்சிக்கு, சந்தைக்குக் கொஞ்சம். அவருடைய அப்பா காலத்து விதை, விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஐரோப்பிய ஆரஞ்சில் இது நடக்காது என்பதையும் அவர்தான் சொன்னார். ஐரோப்பிய வகை பூக்க வேண்டுமென்றால் பல வாரம் கடுங்குளிர் வேண்டும், சமவெளியில் கிழங்கு வரும், விதை வராது. அதனால் அதன் விதை குலு பள்ளத்தாக்கு மாதிரி மலைப்பகுதியில் உற்பத்தியாகிறது, இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நாட்டு வகைக்கு இந்தக் குளிரே போதும். ஆக, சிவப்பும் கறுப்பும் போனால் நிறத்தோடு சேர்ந்து விவசாயி தன் விதையைத் தானே எடுத்துக்கொள்ளும் வழியும் போய்விடும்.

கிளம்பும்போது வீட்டுக்குள் கூப்பிட்டு மக்காச்சோள ரொட்டியும் கடுகுக்கீரையும் போட்டார்கள், கூடவே கேரட், காலிஃபிளவர், டர்னிப் போட்ட இனிப்பு ஊறுகாய். நிறுத்தச் சொல்லச் சொல்ல வெண்ணெய் வைத்தார்கள். ஒரு பொட்டலத்தில் கறுப்பு கேரட் விதை கட்டிக் கொடுத்தார், காசை மறுத்துவிட்டார். கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள் என்றார். சீரகமும் எலுமிச்சையும் கலந்த வாசனை.

ஜனவரி 16, மதுரை

நேற்று இரவு வீடு வந்தேன், சளி பிடித்துவிட்டது. பையில் இரண்டு கிலோ கறுப்பு, ஒரு கிலோ சிவப்பு. சிவப்பு கொஞ்சம் வாடியிருக்கிறது, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கறுப்பில் பாதியைக் காலையிலேயே வெட்டி ஜாடியில் போட்டுவிட்டேன். மதுரை வெயிலுக்கு மூன்று நாளே அதிகம் என்று நினைக்கிறேன், நாளை மாலையிலிருந்தே ருசி பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடும் சித்தப்பாவிடம் விதையைப் பற்றிப் போனில் சொன்னேன். "அனுப்புப்பா, போட்டுப் பாப்போம். ஆனா சந்தையில கறுப்பைக் கண்டா அழுகிப்போச்சுன்னு தள்ளிருவாங்களே" என்றார். விற்க வேண்டாம், முதலில் நாமே சாப்பிடலாம் என்றேன். பஞ்சாப் விவசாயி சொல்லி அனுப்பிய எச்சரிக்கையையும் சொன்னேன், இது கொஞ்சம் குளிருக்கே பூத்துவிடும் வகை, மலை உச்சிக் குளிரில் கிழங்கு பருக்கும் முன்பே தண்டு எழும்பி உள்ளே கட்டையாகிவிடலாம். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். மேல்காட்டில் ஒரு பாத்தி, கீழே வத்தலக்குண்டு பக்கம் தன் மச்சினர் நிலத்தில் ஒரு பாத்தி, இரண்டு இடத்திலும் போட்டு எது நிற்கிறது என்று பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறார். கீழே விதைக்க அக்டோபர் வரைக்கும் காத்திருக்க வேண்டும். விதையில் பாதியை உலர்ந்த டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிட்டேன், மீதி நாளைக்குக் கூரியரில் போகிறது.